கொழுப்பு எழுதும் கடிதம்

பாதிக் கட்டுரை படித்தவர்கள் என்று ஓர் இனம் உலகமெங்கும் உண்டு. முழுதும் படித்தவர் சந்தேகத்தோடு எழுந்திருப்பார்; ஒன்றுமே படிக்காதவர் டாக்டரிடம் போவார்; பாதி படித்தவர் நேரே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்.

அலெக்சாந்திரியாவில் ஓர் ஆறு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும், எல்லாரும் மரியாதையாக உஸ்தாத் என்றழைக்கும் ரிஃப்அத், ஓய்வு பெற்ற சுங்க அதிகாரி, இந்த இனத்தின் தலைமகன். போன வருஷம் அவர் படித்த பாதிக் கட்டுரை பட்டினியைப் பற்றியது. வயிறு காய்ந்தால் ஆயுள் நீளுமாம். அன்றிலிருந்து மனைவி இஃப்பத்துக்கு வெள்ளரிக்காயும் தயிரும் ஒரே வேளை; ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே என்று தாம் மட்டும் மூன்று வேளையும் பொரித்த மீன். நாற்பத்திரண்டு வயது இஃப்பத்துக்கு மாதவிலக்கு நின்றுபோனபோது, "வயசாயிடுச்சு, ஏத்துக்க" என்று ஆறுதலும் சொன்னார்.

இந்த வருஷம் லெப்டின்.

உடம்புக் கொழுப்பு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. கையிருப்பு குறைந்தால், பஞ்சத்தில் பிள்ளை எதற்கென்று மூளை, கருமுட்டையை முதிரச் செய்யும் உத்தரவை நிறுத்திவிடுகிறது. கடிதம் வராமல் கோப்பு நகராது! வாழ்நாளெல்லாம் தாம் கட்டிக்காத்த சட்டம் மனித மண்டைக்குள்ளும் நடப்பதைக் கண்டு உஸ்தாதுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வேகத்தில் மாடிப்படியில் தஹானியை மறித்தார். நாலாம் மாடிக்காரி, உடற்பயிற்சி ஆசிரியை, தினமும் கடலோரம் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுபவள், மணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை.

"மகளே, மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

"உஸ்தாத்! படிக்கட்டுல கேக்கற கேள்வியா இது?"

"அறிவியலுக்குப் படிக்கட்டென்ன, வீடென்ன? உன் மூளை பஞ்சம்னு நெனச்சுக் கடைய மூடிடுச்சு. நான் தெறந்து வைக்கறேன், பாரு!"

மூன்று கதவுகள் திறந்தன. எட்டு மாதமாக வரவில்லை என்பது அவளுக்கும் புருஷன் வாயேலுக்கும் மட்டுமே தெரிந்த துக்கம். இப்போது தக்காளிக்காரன் வரை தெரிந்தது.

மறுநாளே உஸ்தாத் உத்தரவுப்படி இஃப்பத் சமையலில் இறங்கினாள். அரிசி அடைத்த புறா, நெய் வழியும் அடை, பாலாடையில் ஊறிய பலகாரம் என்று பாத்திரம் பாத்திரமாக மேலே போயிற்று. ரோஷத்தில் தஹானி தொடவில்லை. டிராம் ஓட்டும் வாயேல், வீணாகக் கூடாதென்று எல்லாவற்றையும் தின்றான். இரண்டே மாதத்தில் அவன் சீருடைப் பொத்தான் தெறித்து ஒரு பயணியின் நெற்றியில் பட்டது. அந்தத் தொப்பையைப் பார்த்து உஸ்தாத் பூரித்துப்போனார்.

"கொழுப்பு வீட்டுக்குள்ள வந்துடுச்சு. தகவல் போயிடும்."

"தின்னது நான்தானே, உஸ்தாத்?" என்றான் அவன்.

"ஒரே கட்டில்தானே!"

தஹானி ரகசியமாக டாக்டரம்மாவிடம் போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்தம்மா சொன்னதும் அதையேதான்: ஓட்டத்தைக் குறை, வயிறாரச் சாப்பிடு. உஸ்தாத் சொன்னது சரியாக இருந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஆனாலும் சாப்பிட்டாள், தன் கையால் சமைத்து. மூன்றாம் மாதம் மாதவிலக்கு வந்துவிட்டது. குளியலறையில் உட்கார்ந்து அழுதவள், பாத்திரம் கொண்டுவந்த இஃப்பத்திடம் மட்டும் அதைச் சொன்னாள்.

இஃப்பத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் திரும்ப வந்துச்சுடி, ரெண்டு தடவ. அப்புறம் நின்னுபோச்சு. இப்பத் தெனமும் வாந்தி."

தஹானி அவளை மேலும் கீழும் பார்த்தாள். கன்னம் உப்பியிருந்தது. "உப்புப் பாக்கறேன்னு எவ்வளவு தின்னீங்க?"

"பாதிச் சட்டி."

இருவரும் டாக்டரம்மாவிடம் போய்வந்த அன்று, தஹானியை எடைபார்க்க உஸ்தாத் ஒரு தட்டில் எடைக்கருவியை ஏந்தியபடி வாசலில் நின்றிருந்தார்.

"ஹாலாவோட வாப்பா, ஒங்க வைத்தியம் பலிச்சுடுச்சு," என்றாள் இஃப்பத்.

"தெரியும்! நாலாம் மாடிதானே?"

"ரெண்டாம் மாடி."

மணமான மகள் ஹாலாவுக்கு இதை எப்படிச் சொல்வதென்று எந்தக் கட்டுரையிலும் இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே, உறவில் ஒல்லியான ஒரு பெண்ணின் முகம் மனதில் வந்துபோயிற்றா? "அவகிட்ட இதச் சொல்லணும்" என்று கை தன்னால் நீண்டதா? தயவுசெய்து தொலைபேசியைக் கீழே வையுங்கள்.