நிற்கிற வண்டிக்கு ஒரு பேட்டரி

"வண்டி ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடும்மா?" என்று கேட்டார் பேட்டரிக் கடைக்காரர்.

"ஓடாது."

"வாரத்துக்கு?"

"ஞாயித்துக்கிழமை கொஞ்சம். மத்த நாளெல்லாம் ஷெட்டுலதான் நிக்கும். நிக்கிறப்போ நல்லா உழைக்கிற பேட்டரியா குடுங்க."

கடைக்காரர் அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "ஓட்டுறதுக்குத்தான்மா எல்லாரும் வாங்குவாங்க."

அவருக்கு எப்படிச் சொல்வது? மதியம் பாத்திரங்களை ஒழித்துப் போட்டு, மாமியார் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டதும், ஆணியில் தொங்கும் சாவியைச் சத்தமில்லாமல் எடுப்பாள். காருக்குள் ஏறி, சாவியைப் பாதி திருப்பி, ஃபேனையும் ரேடியோவையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். யோசிக்க என்று பெரிதாக எதுவும் இருக்காது. யாரும் கூப்பிடாத இடத்தில் இருக்கிறோம் என்பதே போதும். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே அறை அதுதான். அதற்கு நான்கு சக்கரங்கள் இருந்தது தற்செயல்.

இப்போது அந்த அறைக்குத்தான் ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை கார் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. "புது பேட்டரி போட்டும் படுத்துச்சுன்னா வித்துத் தொலைச்சிடுவேன்," என்றான் கணவன். "எனக்கு லீவு இல்ல. நீயே போய் வாங்கிடு."

"பிளஸ் முனை வலப்பக்கமா, இடப்பக்கமா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நாம எந்தப் பக்கம் நின்னு பாக்கறோம்?"

அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். ஆம்பியர் என்றார், வாரண்டி என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அங்கிருந்ததிலேயே பெரியதைக் கைகாட்டினாள். அது காரில் அதற்கான இடத்தில் உட்காரவில்லை. கடை ஆள் வந்து பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டுப் போனான்.

"இது என்ன, லாரிக்கா வாங்கின?" என்றான் கணவன்.

அந்த ஞாயிறு கார் முனகிக்கொண்டே கிளம்பியது. பயந்துபோய் அவள் ரேடியோ போடுவதை விட்டாள். அடுத்த ஞாயிறு இன்னும் அதிகமாக முனகியது. ஃபேனையும் விட்டாள், சாவியைக்கூடத் தொடாமல் வியர்த்து வழிய உட்கார்ந்தாள். அதற்கடுத்த ஞாயிறு கார் அசையவே இல்லை.

கடைக்காரரே வீட்டுக்கு வந்து சோதித்துப் பார்த்தார். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு. யாரோ உள்ள உக்காந்து தீக்கறாங்க."

"யாரு உக்காரப் போறா?" என்று சிரித்தான் கணவன். அவளும் சிரித்துவைத்தாள். "சார்ஜ் போட்டுக் குடுங்க. இதுதான் கடைசித் தடவை," என்றான் அவன் கடைக்காரரிடம்.

அந்த வாரம் அவள் ஷெட் பக்கமே போகவில்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தாள். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். மாமியார் அதையே சாப்பிட்டுவிட்டு, சாயங்காலமானதும் வழக்கம்போல் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போனார். என்ன நடையோ, ஒரு நாளும் வியர்த்து வந்ததில்லை. இந்த வாரம் திரும்பி வரவும் நேரமானது.

ஞாயிறு வந்தது. இந்தத் தடவை 'டிக்' கூட இல்லை.

ரேடியோ இல்லை, ஃபேன் இல்லை, கடைசியில் அவளே இல்லை. பிறகு யார்? அவள் வைத்துவிட்டு வரும் பாட்டு ஸ்டேஷன் மறுநாள் செய்தி ஸ்டேஷனாக மாறியிருந்ததெல்லாம் இப்போது நினைவுக்கு வந்தது. நான்தான் மறந்துபோய் மாற்றிவிட்டேன் என்று அப்போது தன் மேலேயே பழி போட்டிருந்தாள்.

கணவன் கார் புரோக்கருக்கு போன் போட்டான். பேட்டரி புதுசு என்று அவன் அழுத்திச் சொன்னது சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. அவள் ஸ்டவ் முன்னால் வெறுமனே நின்றாள்.

மாமியார் உள்ளே வந்து கதவை ஒருக்களித்தார்.

"ஏம்மா, இந்த வாரம் நீ காருக்குப் போகல போலிருக்கே," என்றார் குரலைத் தாழ்த்தி. "வீணாப் போகுதேன்னு, உன் நேரத்தையும் சேத்து நானே உக்காந்துட்டேன்."