மாமா விழவில்லை

சம்பளத்துக்குச் செய்கிற வேலையில் சொதப்பினால் மேலதிகாரி ஒருவர் திட்டுவார், அத்தோடு போயிற்று. சம்பளம் இல்லாமல் செய்கிற வேலையில் சொதப்பினால் உலகமே திரண்டு வந்து நன்றி சொல்லும். அந்த நன்றியால்தான் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

2007 வாக்கில் சிதம்பரம் அண்ணாமலை நகரில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு, அங்கேயே ஒரு லாட்ஜ் அறையில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தேன். (வீட்டுக்குச் சொன்னது அப்படி.) உண்மையில், தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஒரு கட்டற்ற மென்பொருளின் வலைத்தளத்தைச் சீர்செய்துகொண்டிருந்தேன். மூலைக்கொருவராக உட்கார்ந்து சிலர் இலவசமாக எழுதி, யாருக்கு வேண்டுமானாலும் இலவசமாகக் கொடுத்த மென்பொருள். மென்பொருள் தங்கம், வலைத்தளம்தான் பரிதாபம். முதல் பக்கத்தில் ‘பணி நடைபெறுகிறது’ என்று ஒரு பொம்மை வருடக்கணக்கில் மண்வெட்டியை ஆட்டிக்கொண்டிருந்தது. ‘நிறுவுவது எப்படி?’ என்ற பக்கத்தைத் திறந்தால் ‘மற்றவை தங்களுக்கே தெரியும்’ என்று இருந்தது. தெரிந்தால் ஏனய்யா அந்தப் பக்கத்துக்கு வரப்போகிறோம்?

எல்லாவற்றையும் புதிதாக எழுதினேன். கடைசியில் ஒரு பயிற்சிப் பக்கம் தேவைப்பட்டது. ல, ள, ழ, ர, ற, ந, ன, ண எல்லாம் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். அதைத் தட்டிப் பார்த்து ஒழுங்காக வந்தால் மென்பொருள் சரி. யோசித்து யோசித்துப் பார்த்ததில், என் வாழ்க்கையில் இத்தனை எழுத்தும் கூடி வந்த சம்பவம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது:

‘மேல்பட்டாம்பாக்கத்தில் மழை பெய்த நாளில், பலாப்பழத்தோடு பேருந்திலிருந்து இறங்கிய மாமா வழுக்கிச் சேற்றில் விழுந்தார், பழம் பிழைத்தது, ஆனால் கண்ணாடி பிழைக்கவில்லை.’

இந்த மாமா எனக்குத் தூரத்து உறவு. கடலூரில் வீடு, செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் விழுந்தபோது கூட இருந்த ஒரே உறவுக்காரன் நான்தான். கண்ணாடி உடைந்ததற்கு வீட்டில் என்ன சொல்வது என்று சேற்றில் உட்கார்ந்தபடியே யோசித்தவர், மாடு முட்ட வந்ததாகவும் அதன் கொம்பைப் பிடித்துத் திருப்பியதாகவும் ஒரு கதையைத் தயார் செய்தார். எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தார். அத்தை அந்த மாட்டுக் கதையைத் தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா கம்ப்யூட்டர் பக்கமே வர மாட்டார் என்ற தைரியத்தில் நானும் உண்மையை உலகத்துக்குச் சொல்லிவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், அந்த மாமாவின் மகள் கலைச்செல்வியைத்தான் நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அவளுக்கும் சம்மதம். ஆனால் நெய்வேலியில் நிரந்தர வேலையில் இருக்கிற ஒரு மாப்பிள்ளை பெண் கேட்டுக்கொண்டிருந்தான். நான் போய்க் கேட்டபோது, எப்போதும் என்னை ‘மாப்ள’ என்று கூப்பிடுகிற மாமா அன்று ‘தம்பி’ என்றார். எனக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விட்டது. என்ன வேலை செய்கிறாய் என்றார். கட்டற்ற மென்பொருள் என்றேன்.

“கட்டற்றன்னா? கேக்க ஆளு இல்லாததா?”

காசு வாங்காமல் செய்வதெல்லாம் வேலையில் சேராது என்றார். அப்பா அந்த வலைத்தளத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும் என்று கலைச்செல்விதான் வாதாடினாள்.

ஞாயிற்றுக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு மாமா, அத்தை, கலைச்செல்வி மூவரும் வந்தார்கள். மாமா இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். முகப்பைக் காட்டினேன். நன்றிப் பகுதியில் என் பெயரைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. பரவாயில்லையே, பேரெல்லாம் போட்டிருக்கிறார்களே என்றார். நான் அத்தோடு கம்ப்யூட்டரை அணைத்திருக்க வேண்டும். மனிதனுக்குப் பேராசை. எத்தனை நாட்டிலிருந்து ஆட்கள் எழுதுகிறார்கள் என்று காட்டுவதற்காக, பயனர்கள் பேசிக்கொள்ளும் பக்கத்தைத் திறந்தேன். நான் அதைப் பார்த்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன.

முதல் தலைப்பே ‘மாமா விழவில்லை’.

விஷயம் இதுதான். புதிய பதிப்பில் ஏதோ கோளாறு, ழ தட்டினால் ள வந்தது. பயிற்சி வாக்கியத்தில் மாமா ‘விளுந்தார்’. முழு வாக்கியத்தையும் யார் எழுதிக்கொண்டிருப்பது என்று மக்கள் சுருக்கிவிட்டார்கள். ‘என் கணினியில் மாமா விழவே மாட்டேன் என்கிறார்.’ ‘லினக்ஸில் விழுகிறார், விண்டோஸில் பாதியில் நின்றுவிடுகிறார்.’ ‘யாழ்ப்பாணத்தில் மாமா அருமையாக விழுகிறார், மிக்க நன்றி.’

“பாவம், யாருங்க அது? இத்தினி பேரு சேந்து விழ வெக்கறாங்க?” என்றார் அத்தை.

நான் மவுஸைப் பிடிப்பதற்குள் கலைச்செல்வி பயிற்சிப் பக்கத்தைத் திறந்துவிட்டாள். அவள் பள்ளியில் பேச்சுப்போட்டிகளில் பரிசு வாங்கியவள். ஏற்ற இறக்கத்தோடு சத்தமாகப் படித்தாள். ‘மேல்பட்டாம்பாக்கத்தில்’ என்றபோதே மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ‘கண்ணாடி பிழைக்கவில்லை’யில் அவள் குரல் தேய்ந்து நின்றது. அத்தை திரையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், நிதானமாகக் கேட்டார்:

“இதுல மாடு எங்கங்க?”

மாமா எழுந்து என் தோளில் கை வைத்தார்.

“நல்லா வருவீங்க.”

மாப்ளயாக இருந்த நான் தம்பியாகி, இப்போது ‘நீங்க’வாகிவிட்டேன். அன்று சிதம்பரத்துக்குப் பேருந்தில் திரும்பியபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. போனதும் முதல் வேலையாக, குடும்பக் காரணங்களால் மாமாவை நீக்கிவிடுங்கள் என்று அதே பக்கத்தில் குழுவுக்கு எழுதினேன். சோதனைகள் எல்லாம் மாமாவை நம்பித்தான் இருக்கின்றன, எடுக்க முடியாது, மன்னிக்கவும் என்று பதில் வந்தது. ஆனால் யாரோ ஒரு புண்ணியவதி சிங்கப்பூரிலிருந்து கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘மாமா இப்போது நலமா? புதுக் கண்ணாடி வாங்கிவிட்டாரா?’ அதன் கீழே பலரும் மாமாவை விசாரித்திருந்தார்கள். கலைச்செல்வி அதையெல்லாம் அச்செடுத்துக் கொண்டுபோய் அப்பாவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஒரு வாரம் கழித்து மாமா போன் செய்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். சிங்கப்பூரிலிருந்தெல்லாம் விசாரிக்கிறார்களாமே என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அதுல ஒரு மாட்ட மட்டும் சேத்துடு மாப்ள.”

அடுத்த பதிப்பில், மாடு முட்ட வந்ததால்தான் மாமா வழுக்கினார். ழகரக் கோளாறும் தீர்ந்தது. மாற்றங்களின் பட்டியலில் ‘மாடு சேர்க்கப்பட்டது’ என்று இன்றும் இருக்கிறது. எனக்குச் சென்னையில் வேலையும் கிடைத்தது. அந்த வலைத்தளத்தைக் காட்டித்தான்.

கல்யாணத்துக்குக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். மேடைக்கு வந்து எனக்குக்கூடக் கை கொடுக்காமல் நேரே மாமாவிடம் போய், நீங்கள்தானே சார் அந்த மாமா என்று பக்தியோடு கேட்டார்கள். மாமா நெஞ்சை நிமிர்த்தி, மாடு எவ்வளவு பெரியது என்று கையை விரித்துக் காட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மாடு ரெண்டாவது வெர்ஷன்லதாங்க வந்துச்சு,” என்றார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது ஒரு கதையைக் கொஞ்சம் ஊதிச் சொன்னால் போதும். நேற்று, ஆபீஸில் நான் ஒரு பெரிய பிரச்சினையைத் தனியாளாகத் தீர்த்த விதத்தை விவரித்துக்கொண்டிருந்தேன். கலைச்செல்வி தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்: “இது எந்த வெர்ஷன்? மாடு வந்துடுச்சா?”