இறந்த பிறகு அமெரிக்கா வந்த ராபர்ட்

ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதவன் புத்திசாலி என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். ஆதாரம் கையில் கிடைத்த பிறகுதான் மனிதன் முழு முட்டாளாகிறான் என்பது நியூஜெர்சியின் பிஸ்கட்டவே ஊரில் ஒரு தோட்டத்து விருந்தில் தெரிந்தது.

1996 கோடை. என் மேனேஜர் பில்லின் கொள்ளுத்தாத்தா ராபர்ட், ஸ்காட்லாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பிழைப்புத் தேடி நியூஜெர்சிக்கு வந்தவர். அவர் வரலாற்றைத் தேடித் தரும்படி பில் என்னைக் கேட்டார். (ஆபீஸில் யார் எந்தத் தேதியில் லீவு எடுத்தார்கள் என்பதுகூட எனக்கு மனப்பாடம். இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன்.) என் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. மறுக்க முடியுமா?

ராபர்ட் பிறந்த ஊரின் சர்ச்சுக்கு எழுதிப் போட்டேன். குடும்பக் கல்லறையின் போட்டோ வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பெற்றோரின் பெயர்களுக்குக் கீழே, ‘மகன் ராபர்ட், மூன்று வயதில் இறந்தான்.’

மூன்று வயதில் செத்தவர் எப்படிக் கப்பலேறி வந்து ஏழு பிள்ளை பெற்றார்? எவனோ கொலைகாரன், செத்த குழந்தையின் பெயரில் தப்பி வந்திருக்கிறான்! பில் வீட்டுச் சுவரில் தொங்கிய கொள்ளுத்தாத்தாவின் மீசைகூட எனக்கு ஒட்டு மீசையாகத் தெரிந்தது.

என் மனைவி சாந்தி கோயமுத்தூர்க்காரி, விவரமானவள். “உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? மொதல்ல கிரீன் கார்டு வரட்டும். அப்புறம் எவன் செத்தான், எவன் பொழச்சான்னு பாத்துக்கலாம்.”

“உண்மைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

“அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. உங்களை என்ன பண்ணுது?”

கேட்டேனா? பில்லின் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த விருந்தில், “உங்கள் ராபர்ட் ராபர்ட்டே அல்ல. அவர் யாரென்று கடவுளுக்குத்தான் தெரியும்” என்று அறிவித்தேன். யாருடைய தட்டிலிருந்தோ ஒரு ஹாட் டாக் புல்லில் விழுந்தது. பில்லின் முகம் சிவந்தது. சாந்தி கைப்பையில் கார் சாவியைத் துழாவ ஆரம்பித்தாள்.

பில்லின் அம்மா மட்டும் அசரவில்லை. (ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு இப்படித்தான் ஞாபகம்.) “அது மூத்தவம்ப்பா. அவன் போனதும் அடுத்தவனுக்கு அதே பேரை வெச்சாங்க. அந்தப் பசங்களோட தாத்தா பேரு விட்டுப்போகக் கூடாதில்ல? ஏன், உங்க பக்கம் வைக்க மாட்டாங்களா?”

எங்கள் பக்கமா? எனக்கு முன்னால் பிறந்த இருவர் தங்கவில்லை. அதனால் என்னைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, எமனே சீந்தாதபடி குப்புசாமி என்று பெயர் வைத்தார்கள். போன பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொல்லவே பயப்படுகிற வீடு எங்களுடையது. அதையே அடுத்த பிள்ளைக்குச் சூட்டுவார்கள் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

இதையெல்லாம் அத்தனை பேருக்கும் விளக்கினேன். பெயரின் அர்த்தத்தையும்தான். முதலில் சிரித்தது பில்லின் அம்மா; பிறகு தோட்டமே சிரித்தது. பில்லின் உதடு மட்டும் அசையவில்லை.

திங்கட்கிழமை கூப்பிட்டனுப்பினார். பெட்டியைக் கட்டச் சொல்லப்போகிறார் என்றே போனேன். விண்ணப்பத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

“குப்பு, இது நீதானா, இல்லை உன் அண்ணனா?”

கேட்டுவிட்டு அவரே வெடித்துச் சிரித்தார். கையெழுத்தும் விழுந்தது.

சென்ற ஆண்டு என் மகள் ஒரு பையனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். நான் அவனை ஏற இறங்கப் பார்ப்பதற்குள், எப்போதும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிற பெண், அம்மாவிடம் பாடம் கேட்டு வந்த தமிழில் முந்திக்கொண்டாள்:

“முறைக்காதீங்கப்பா. நான் செக் பண்ணிட்டேன். இவன் இதுவரைக்கும் செத்ததே இல்ல.”