தயிர் வெள்ளை

கண்ணாடித் தம்ளரில் ஸ்பூன் சுற்றும் சத்தம். டிங், டிங், டிங். கல்யாணமான மறுநாள் காலை, யாரையும் எழுப்பாமல் தானே காபி கலந்துகொள்ளலாம் என்ற நல்லெண்ணத்தில் மாஸ்டர் எழுப்பிய சத்தம் அது. சாத்தியிருந்த உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, முந்தின நாள்தான் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்த மனைவியின் குரல் கேட்டது.

"அது மூணாவது ஸ்பூன் சர்க்கரைதானே?"

ஸ்பூன் நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அடியில கரையாம உரசுதே. சத்தம் மாறிடுச்சு. உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை. படைத்தவன் அவருக்கு இரண்டு கண்களைப் பார்த்துப் பார்த்துச் செய்து முடித்த களைப்பில், காதுகளை ஒப்புக்கு ஒட்டி அனுப்பியிருந்தான். மனைவியோ தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள். ஒருவர் 'ஹலோ' சொன்னதுமே அவர் அழுதுவிட்டுப் பேசுகிறாரா, அழ வைத்துவிட்டுப் பேசுகிறாரா என்று சொல்லிவிடுவாள். மாஸ்டர் அன்றே சுதாரித்திருக்கலாம். தலைமுடி நரைக்கும் வரை அவகாசம் இருந்தும் சுதாரிக்கவில்லை.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை. பெயின்ட் கடையில் கலர் மாஸ்டர். நகம் அளவு காரைத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தால், அந்தச் சுவரின் நிறத்தைக் கலந்து கொடுத்துவிடுவார். அதிலும் வெள்ளை அவருடைய தனி ராஜ்ஜியம். பால் வெள்ளை, முத்து வெள்ளை, முட்டையோட்டு வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, பழைய காகித வெள்ளை. ஒன்றை மற்றொன்று என்று சொல்பவர்களை அவர் மன்னித்ததில்லை.

"ஒரு டப்பா வெள்ளை குடுங்க" என்று யாராவது கேட்டால் போதும்.

"எந்த வெள்ளை?"

"வெள்ளைன்னா வெள்ளைதாங்க."

"மனுஷன்னா மனுஷன்தான்னு எவனையாவது மாப்பிள்ளையாக்கிடுவீங்களா?"

இத்தனை வெள்ளைகள் தெரிந்தவர், மனைவியின் தலையை மட்டும் ஒரு நாளும் வெள்ளை என்று சொன்னதில்லை. 'வெயில் பட்ட கறுப்பு' என்பார். அவளும் நம்பாமல் நம்புவாள். வீட்டில் அந்த ஒரு பொய்க்குத்தான் அனுமதி இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் டாக்டர் குறுக்கிட்டார். இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறதாம். இப்படியே விட்டால் முதலில் கண்ணில் கை வைக்குமாம்.

மறுநாள் காலை மாஸ்டரின் முன்னால் ஒரு கிண்ணம் வந்து உட்கார்ந்தது. ஓட்ஸ் கஞ்சி.

மாஸ்டர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மழையில நனைஞ்ச காம்பவுண்டுச் சுவர் கலர்."

"சாப்பிடுங்க."

"கடையில எவனாவது இந்தக் கலரைக் கேட்டா அன்னைக்கே வேலையை விட்டுடுவேன்."

"கண்ணு போனாலும் வேலையை விடணும். எது வசதி?"

சாப்பிட்டார். அடுத்த நாளும் காம்பவுண்டுச் சுவர். அதற்கடுத்த நாளும். வீட்டைச் சுற்றி மதில் கட்டும் அளவுக்குச் சாப்பிட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் மேஜையைத் தட்டிப் பிரகடனம் செய்தார்.

"நாளையிலேர்ந்து என் காலைச் சாப்பாட்டை நானே பண்ணிக்கப் போறேன். தயிர், பழம், ரெண்டு பாதாம். அடுப்பே வேண்டாம். டாக்டரே சரின்னுட்டார்."

"சர்க்கரை?"

"துளிகூடக் கிடையாது."

"தேன்?"

"தேனா? அப்படின்னா?"

மனைவி ஒரு விரலை உயர்த்தினாள்.

"சரி. ஆனா ஒரு நாள் ஏமாத்தினீங்கன்னு தெரிஞ்சாலும் ஆயுசு பூரா ஓட்ஸ். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் மாஸ்டர், கண்டுபிடிக்கப்படப்போகாத மனிதரின் கம்பீரத்தோடு.

திங்கட்கிழமை காலை சமையலறை ஒரு கலைக்கூடமாயிற்று. கிண்ணத்தில் தயிரைப் பரப்பி, கரண்டியின் முதுகால் பூசுவதுபோல் வழித்துச் சமன் செய்தார். ஒரு ஓரத்தில் பப்பாளித் துண்டுகள். அதை ஒட்டி வாழைப்பழ வில்லைகள். நடுவில் ஒரு கைப்பிடி மாதுளை முத்து. ஒன்றிரண்டு கறுப்புத் திராட்சையை மட்டும் ஒதுங்கினாற்போல வைத்தார். 'கண் போய் நிற்க ஒரு இடம் வேணும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேலே உடைத்த பாதாம். சொடக்குப் போடும் நேரத்தில் முடிந்த வேலை. கிண்ணம் கல்யாணப் பந்தல் மாதிரி இருந்தது.

வாயில் வைத்தார். பந்தல் மட்டும்தான் இருந்தது. கல்யாணத்தைக் காணோம்.

மூன்று நாள் யோக்கியனாக இருந்து பார்த்தார். நான்காம் நாள் எதிர் வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கிடம் மனம் விட்டார். அவருக்கும் சர்க்கரை உண்டு.

"ஏத்தறதும் இறக்கறதும்தான் எனக்குத் தொழில், மாஸ்டர். இந்தச் சர்க்கரை மட்டும் ஏறின மாடியிலேயே நிக்குது."

"அண்ணே, தயிரும் வெள்ளை. ஐஸ்கிரீமும் வெள்ளை."

"நீங்களா இதைச் சொல்றீங்க? எந்த வெள்ளைன்னு கேக்கற ஆளாச்சே!"

"அதைத்தான் கண்டுபிடிக்கப் போறேன்."

அன்று மாலை ஐஸ்கிரீம் கடையில், ருசி பார்க்கக் கொடுத்த சின்னச் சின்னக் கரண்டிகளை மாஸ்டர் ஒவ்வொன்றாக வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். கடைப்பெண் பயந்துவிட்டாள்.

"சாப்பிட்டுப் பாருங்க, சார்."

"பாத்துக்கிட்டுத்தானேம்மா இருக்கேன்."

கடைசியில் ஒன்று அகப்பட்டது. பால் ஐஸ்கிரீம். தயிர் வெள்ளைக்கு ஒன்றுவிட்ட தம்பி. மிக நல்ல கண்ணுக்குத்தான் வித்தியாசம் தெரியும். வீட்டில் இருந்த ஒரே நல்ல கண் அவருடையது. பழைய தயிர் டப்பாவில் அதை அடைத்து, ஐஸ் பெட்டிக்குள் தள்ளினார்.

"தயிரை எதுக்கு அங்க வைக்கிறீங்க?"

"நல்லா இறுகினாத்தான் பழம் தண்ணி விடாது. அது ஒரு கணக்கு. உனக்குப் புரியாது."

"ஓகோ" என்றாள் மனைவி.

மறுநாள் காலை அவள் பக்கத்து அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் டப்பாவைத் திறந்து ஸ்பூனை இறக்கினார்.

சரக்.

பக்கத்து அறையில் இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் நகர்ந்தது. மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. சன்னலைப் பார்த்துத் திரும்பி நின்று, அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தார். திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறவனுக்கு நாக்கு வேலை செய்யாது. முதுகு மட்டும்தான் விழித்திருக்கும். இருந்தும் அந்தக் காலை அவருக்குச் சொர்க்கமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் மனைவிக்குத் திடீரென்று வீட்டு அலங்காரத்தில் அக்கறை வந்தது. ஒரு அட்டைத் துண்டை நீட்டினாள். அதில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள், காய்ந்து போய்.

"என்னங்க, சமையலறைச் சுவரை மாத்தலாமா? இந்த வெள்ளையை அந்த வெள்ளையாக்கணும்னா என்ன சேக்கணும்?"

இத்தனை வருஷத்தில் அவள் அவருடைய தொழிலைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. மாஸ்டர் அட்டையைச் சன்னலோரம் கொண்டுபோனார்.

"இது கொஞ்சம் நீலம் ஓடின வெள்ளை. அது கொஞ்சம் சூடான வெள்ளை. ஒரு துளி மஞ்சள் விடு. அந்தத் துளியில பாதி சிவப்பு. மிஞ்சினா கெட்டுது."

"சட்டுனு மாத்தினா வித்தியாசம் தெரியுமே?"

"அங்கதாம்மா சூட்சுமம். ஒரேயடியா மாத்தினா எந்தக் கண்ணும் பிடிச்சிடும். கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டே போனா, சுவத்துக்கே தெரியாது."

"உங்க கண்ணுக்குமா?"

மாஸ்டர் நேர்மையானவர். தொழில் விஷயத்தில் மட்டும்.

"என் கண்ணுக்கும்தான்" என்றார்.

"எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க!" என்றாள் மனைவி. அந்தப் பாராட்டை அவர் கடைக்கு எடுத்துப்போய் நாலு பேரிடம் சொன்னார். சமையலறைச் சுவர் பேச்சு அதன் பிறகு எழவில்லை. பெண்கள் மனசு மாறுவது சகஜம் என்று விட்டுவிட்டார்.

வாரங்கள் இனிப்பாக நகர்ந்தன. தினமும் பப்பாளி, வாழை, மாதுளை, அவற்றின் அடியில் ரகசியம். டப்பா காலியாகும் வேகம் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. எத்தனை வாங்கினாலும் தீர்ந்தது. 'நான் ஒருத்தனா இவ்வளவு சாப்பிடறேன்!' என்று வெட்கப்பட்டு, மேலும் வாங்கினார். நடுநடுவே, கண் நினைவுக்கு வரும். கடையில் நிறம் பார்க்கும்போது இமையைத் தேய்த்துவிட்டுக்கொள்வார். நாளையிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று நினைப்பார். நாளைக்கு வேறு வேலை இருக்கும்.

பரிசோதனை நாள் வந்தது. தூக்கு மேடைக்குப் போகிறவர் மாதிரி டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"பிரமாதம்!" என்றார் டாக்டர். "நல்லா இறங்கியிருக்கு. கண்ணும் சுத்தமா இருக்கு. என்ன சாப்பிடறீங்க?"

"தயிரும் பழமும்" என்றார் மாஸ்டர், பலவீனமான குரலில்.

"அதையே விடாம சாப்பிடுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையா, வேறெதுவுமா என்று கேட்க மாஸ்டருக்குத் தோன்றவில்லை. அவர் உள்ளுக்குள் ஒரு விஞ்ஞானியாக மாறிக்கொண்டிருந்தார். அன்று மாலையே குடியிருப்பின் லிஃப்ட் கதவருகில் மெக்கானிக்கைப் பிடித்தார்.

"அண்ணே, வெளியில சொல்லிடாதீங்க. ஐஸ்கிரீம் சர்க்கரையை இறக்குது."

"என்ன மாஸ்டர் உளறல்?"

"டாக்டரே விடாம சாப்பிடச் சொல்லிட்டார். குளிர்ச்சி ரத்தத்துல போய், சூட்டைத் தணிச்சு... அது ஒரு கணக்கு. உங்களுக்குப் புரியாது. காலையில வெறும் வயித்துல, பழத்துக்கு அடியில."

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிற்று. மனிதர்கள் மிகவும் விரும்பியதை யாராவது மருந்து என்று சொல்லிவிட்டால், சொன்னவரை அவர்கள் கேள்வி கேட்பதில்லை.

அடுத்த மாதம் ஒரு காலை, மாஸ்டர் மாதுளை உதிர்த்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி விடாமல் அடித்தது. மெக்கானிக்கின் மனைவி. ஒரு கையில் பெரிய ஐஸ்கிரீம் வாளி. மறு கையில் மெக்கானிக்கின் சட்டைக் காலர், அதற்குள் மெக்கானிக்.

"அண்ணே, இது மருந்துன்னு நீங்கதான் சொன்னீங்களாமே! நேத்து டாக்டர் என்னைத் திட்டின திட்டு எனக்குத்தான் தெரியும்!"

"எனக்கு இறங்கிச்சேம்மா..." என்று மாஸ்டர் முனகினார். முனகிய பிறகுதான், தான் எதை, யார் காதுபட, ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பது உறைத்தது.

உள்ளறையில் இஸ்திரிப் பெட்டி நின்றது. மனைவி நிதானமாக வந்தாள்.

"அவருக்கு இறங்கினது நிஜம்தான்" என்றாள் எதிர் வீட்டுக்காரியிடம். "ஆனா அவர் ஐஸ்கிரீம் சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு."

"தினம் சாப்பிடறேனே!" என்றார் மாஸ்டர், தன் குற்றத்துக்காகத் தானே வாதாடி.

"புளிக்காத தயிரை வடிகட்டி, கனிஞ்ச வாழைப்பழம் ஒண்ணை மசிச்சு அடிச்சு உறைய வச்சேன். மாம்பழச் சாறு ஒரு துளி, மாதுளைச் சாறு அதுல பாதி. உங்க டப்பாவுல தினம் கொஞ்சம் கொஞ்சமா மாத்தினேன். சுவத்துக்கே தெரியாதுன்னீங்க. உங்க கண்ணுக்கும்னீங்க."

மாஸ்டரின் கையிலிருந்த மாதுளை முத்துக்கள் தரையில் உருண்டன. அந்த அட்டைத் துண்டு நினைவுக்கு வந்தது. நீலம் ஓடின வெள்ளை தயிர். சூடான வெள்ளை ஐஸ்கிரீம். தன் கழுத்துக்குத் தானே அளவெடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"உனக்கு... எப்போ தெரியும்?"

"முதல் நாளே. தயிர்ல ஸ்பூன் விட்டா சரக்னு கேக்குமா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா ஓட்ஸ் குடுத்திருக்கணும். நீங்க ஒளிஞ்சு வேற எதையாவது தின்னிருப்பீங்க." அவள் குனிந்து மாதுளை முத்துக்களைப் பொறுக்கினாள். "உங்க கண்ணு போயிட்டா, என் தலை என்ன கலர்னு யார் சரியாச் சொல்லுவா?"

மாஸ்டர், தோற்றவர்கள் கடைசியாகக் கேட்கும் சில்லறைக் கேள்வியைக் கேட்டார்.

"நான் வாங்கின ஐஸ்கிரீம் எல்லாம் எங்க போச்சு?"

"எனக்குச் சர்க்கரை இல்லையே" என்றாள் மனைவி.

எதிர் வீட்டுக்காரி முதல் முறையாகச் சிரித்தாள். சிரிப்பதற்காகக் காலரை விடவில்லை.

இப்போதும் காலையில் மாஸ்டர்தான் கிண்ணம் செய்கிறார். ஒன்றல்ல, இரண்டு. பப்பாளி ஓரம், மாதுளை நடு, ஒதுங்கிய திராட்சை. தன்னுடையதன் அடியில் தயிர்; அவளுடையதன் அடியில், வேலையிலிருந்து வரும் வழியில் அவரே வாங்கிவரும் பால் ஐஸ்கிரீம். எது எதுவென்று பார்த்தவுடனே அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன், சரக் என்ற சத்தம் எந்தக் கிண்ணத்திலிருந்து வருகிறது என்று அவளுக்கும் தெரிகிறது.

லிஃப்ட் மெக்கானிக் ஓட்ஸ் கஞ்சி குடிக்கிறார்.