ரிஜெக்ட் சார் பார்த்த நட்சத்திரம்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் கடவுளே ஒரு லேத் பட்டறை நடத்தியிருந்தாலும், அவர் கடைந்து அனுப்பிய நிலாவை ‘வட்டம் சரியில்லை’ என்று சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார் எங்கள் ரிஜெக்ட் சார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரே ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார். 1991இல் மண்ணூர் பக்கம் பம்பு உதிரி பாகங்கள் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் அவர் இன்ஸ்பெக்டர், நான் ஸ்டோர் கிளார்க். நெல்லூர்க்காரர், வீட்டில் தெலுங்கு. மனைவி ஊரில் இருக்க, இவர் குன்றத்தூரில் ஒற்றை அறையில் குடியிருந்தார். லேத்திலிருந்து வரும் ஒவ்வொரு உருப்படியையும் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு அங்குலத்தில் பிடித்துப் பார்த்து, மயிரிழை பிசகினாலும் “ரிஜெக்ட்” என்பார். டீ ஆறியிருந்தால் டீயும் ரிஜெக்ட். வெட்டு சரியில்லை என்று சலூன் நாற்காலியிலிருந்து பாதியில் எழுந்து வந்தவர் என்றும் ஒரு பேச்சு உண்டு.

அந்த வருஷம் தீபாவளி அமாவாசை கழிந்ததும் கேன்டீனில் வந்து நின்றார்.

“நாளையிலேர்ந்து கார்த்திகை மாசம். எனக்கு வெங்காயம், பூண்டு கூடாது.”

கேன்டீன் ஏகாம்பரம் கரண்டியைக் கீழே வைத்தார். “இன்னா சார், ஐப்பசியே இன்னும் முடியலியே?”

“உங்களுது சூரியன் கணக்கு. எங்களுது சந்திரன் கணக்கு.”

“அப்போ சாம்பாருக்கு எந்தக் கணக்கு சார்?”

சாம்பாருக்குச் சந்திரன் கணக்குதான் என்று முடிவாயிற்று. தினமும் ஒரு கரண்டி சாம்பாரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு நாள் கடுகளவு வெங்காயத் தோல் கண்ணில் பட்டுவிட்டது. மொத்த அண்டாவும் ரிஜெக்ட். அன்று எண்பது பேர் மோர் சாதம் சாப்பிட்டோம்.

விடியுமுன் தலைக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, உதடு நீலமாகி ஷிஃப்டுக்கு வருவார். நெல்லிக்காயின் மேல் திரி வைத்து விளக்கேற்றுவார். பௌர்ணமிக்கு முந்நூற்று அறுபத்தைந்து திரி ஏற்ற வேண்டுமாம், நாளுக்கு ஒன்றாக. கடையில் கட்டாக வாங்கியதை எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறது என்று பஸ் ஏறிப் போய்த் திருப்பிக் கொடுத்தார்.

இதெல்லாம் பரவாயில்லை. திங்கட்கிழமைகள்தான் எங்களை ஆட்டி வைத்தன. திங்களன்று பகல் முழுக்கப் பட்டினி. சாயங்காலம் நட்சத்திரத்தைப் பார்த்த பிறகுதான் சாப்பாடு. எந்தப் புண்ணியவான் ஏற்படுத்திய விதியோ, நம் பக்கத்தில் அந்த மாதம் முழுக்க மழை கொட்டும் என்பது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

முதல் திங்கள் வானம் தெளிவாக இருந்தது. ஆறேகாலுக்குச் சாப்பிட்டார். இரண்டாம் திங்கள் ஒரே மேகம். தில்லி என்று ஒரு லேத்காரன், வடக்குப்பட்டில் நிலம் நீச்சு உள்ள குடும்பத்துக்காரன், இரண்டு குழந்தைக்குத் தகப்பன், அவர்மேல் இரக்கப்பட்டு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“சார், அதோ கீது பாரு சார்!”

ரிஜெக்ட் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “அது நகருது. மீனம்பாக்கத்துல இறங்கற பிளேன். ரிஜெக்ட்.”

“அப்போ இது சார்?”

“சிவப்பா இருக்கு. டவர் லைட்டு. ரிஜெக்ட்.”

மறுநாள் சாயங்காலம் மேகம் விலகிய பிறகுதான் சாப்பிட்டார். நடுவில் வெறும் தண்ணீர். எனக்குக் கோபமே வந்துவிட்டது. “எதுக்கு சார் இந்தப் பிடிவாதம்?” என்றேன்.

கையிலிருந்த உருப்படியைத் துடைத்தபடி சொன்னார். “என் சம்சாரம் பதினெட்டு வருஷமா இந்த விரதம் இருக்கா. ஒரு திங்கள்கூட விட்டதில்ல. இப்ப வயித்துல ஆபரேஷன். பட்டினி கூடாதுன்னுட்டார் டாக்டர். விட்டுப்போச்சேன்னு அழுதா. இந்த வருஷம் உன் ட்யூட்டிய நான் பார்க்கறேன்னு சொல்லிட்டேன்.” சற்று நிறுத்தினார். “அவ வேலைய நான் அரைகுறையா செய்யலாமா சார்?”



மூன்றாம் திங்கள் விடாத மழை. மதியம் அவர் நல்ல உருப்படி பதினாறை ரிஜெக்ட் செய்தார். அது வழக்கம்தான். ஓட்டை விழுந்த ஒன்றைப் பாஸ் செய்தார். அதுதான் எங்களைக் கலக்கியது. நாலு மணிக்கு அளவு பார்க்கும் கருவி அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

“நோன்பாவது இன்னாவது, ஆளு போயிடுவாரு!” என்றார் ஏகாம்பரம்.

நான் சைக்கிளில் நனைந்துகொண்டே போய்ப் பக்கத்துக் கோயில் குருக்களைக் கேட்டு வந்தேன். “மேகம் மறைச்சா, மனசுல நினைச்சு ஒரு கும்பிடு போட்டுட்டுச் சாப்பிடலாமாம் சார்.”

“எழுத்துல குடுப்பாரா?” என்றார் ரிஜெக்ட் சார்.

ஆறரை மணிக்கு மழை விட்டது, மேகம் விடவில்லை. லாரியில் சரக்கு ஏற்றும் மேடையில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்திருந்தோம். சுவரில் தலை சாய்த்து, கண்ணை மூடியிருந்தார். ஷிஃப்ட் முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தில்லி முற்றத்துச் சேற்றில் நின்றான்.

“சார்! கீது சார்! அந்த தென்னமரத்துக்கு மேல!”

நான் பார்த்தேன். தென்னைக்கு மேலே ஈரக் கம்பளி மாதிரி மேகம்தான் இருந்தது. ஏகாம்பரமும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தட்டெடுக்கக் கேன்டீனுக்குள் போனார்.

ரிஜெக்ட் சார் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

“நகருதா?”

“நவுரல சார்.”

“சிவப்பா?”

“வெள்ளை சார்.”

“மின்னுதா?”

தில்லி மறுபடியும் அண்ணாந்து பார்த்தான். “மின்னிக்கினே கீது சார்.”

“நீ பார்த்தியா, நாயனா?”

“என் ரெண்டு கண்ணால பார்த்தேன் சார்.”

“சரி” என்று கை இரண்டையும் கூப்பித் தென்னை மரத்தைக் கும்பிட்டார். ஏகாம்பரம் தட்டோடு ஓடிவந்தார். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயுமுன் எஸ்.டி.டி. பூத்துக்குப் போக வேண்டும் என்று கிளம்பினார். நெல்லூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட.

மாதம் முடியுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெல்லி மரத்தடியில் பத்துப் பேருக்குச் சாப்பாடு போடுவது அவர்கள் வழக்கம் என்று எங்களைக் கூப்பிட்டார். தில்லியின் தோப்பில்தான் மரம் இருந்தது. அவர் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி, வேண்டாமென்று சொல்லியும் பஸ் ஏறி வந்திருந்தார். மெலிந்த உருவம். எங்கள் வீட்டுப் பெண்கள் சமைத்ததை, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தன் கையால்தான் பரிமாறுவேன் என்றார்.

“நட்சத்திரம் காட்டின தில்லி யாரு?”

தில்லி தலையைக் குனிந்துகொண்டு கையைத் தூக்கினான்.

“அன்னிக்கு நெல்லூர்லயும் இதே மழைதான் தம்பி” என்றார் அந்த அம்மாள். “ஆஸ்பத்திரி ஜன்னல்ல நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணும் தெரியல. அப்புறம் இவர் போன் வந்துது, பார்த்தாச்சுன்னு. அதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்துது.” சொல்லிவிட்டு அவன் இலையில் இன்னும் இரண்டு வடை வைத்தார்.

ரிஜெக்ட் சார் இலையிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. எத்தனையோ பேர் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ விருந்து சாப்பிட்டுவிட்டேன். அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதுதான் இன்னும் வயிறு நிறைந்தாற்போல் இருக்கிறது.