திரேஸ்புரத்தில் நான் நடத்திய தரையிறக்கம்

பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: பட்டியலில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நம்புவது. எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

துறைமுகத்தில் பொறியாளராகச் சேர்ந்த புதிது. திட்டமிடல் பயிற்சியில், இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் தியெப் கடற்கரையில் இறங்கித் தோற்ற கதையைப் பாடமாக வைத்தார்கள். கரையின் சரிவைச் சுற்றுலாப் புகைப்படங்களைப் பார்த்துக் கணித்தார்களாம். டாங்கிகள் கூழாங்கல்லில் சிக்கிக்கொண்டன. அத்தனை பேர் உயிரைக் கொடுத்த பாடத்தை ஒன்பது குறிப்புகளாக எழுதிக்கொண்டு, நேராக என் அண்ணனின் நிச்சயதார்த்தத்தில் பிரயோகித்தேன்.

அண்ணன் ஜெபா காதலித்தது திரேஸ்புரத்து மீனவர் வீட்டுப் பெண் ரெஜினாவை. நாங்கள் நாசரேத்திலிருந்து முத்தையாபுரத்துக்கு வந்த குடும்பம். கடலைப் பார்த்ததோடு சரி. ரெஜினாவின் அப்பா சம்மதிக்க இரண்டு வருஷம் ஆனது, அதுவும் பாதி மனதோடு. 'இவர்கள் நம்மைக் கீழாக நினைப்பார்களோ' என்ற சந்தேகம் அவருக்கு. அவர் மனம் குளிர, நிச்சயப் பட்டுச்சேலையையும் தட்டுகளையும் படகில் கொண்டுபோய் அவர் வீட்டு எதிரிலேயே இறக்கலாம் என்றேன்.

முதல் குறிப்பு ரகசியம். அதனால் படகில் வரப்போவதைத் திரேஸ்புரத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. கரையை ஆராய்ந்தது ரெஜினாவின் இன்ஸ்டாகிராம் படங்களில். (ஆமாம். அப்போது உறைக்கவில்லை.) ஆறாவது குறிப்பு, தளவாடப் பாதுகாப்பு: தட்டுகளை வரிசையாக வைத்து, நனையாமல் வெள்ளைத் தார்ப்பாயில் நீளவாக்கில் சுற்றிக் கட்டினேன்.

நிச்சயதார்த்த நாளான ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா, அம்மா, அண்ணன், நான் என நால்வரும் நண்பர் ஒருவரின் பைபர் படகில் கிளம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை திரேஸ்புரத்தில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். அன்று ஒரு படகு, வெள்ளையில் சுற்றிய ஆள்நீள மூட்டையோடு கரையை நோக்கி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஏளா, யாருளா அது? யாரு வீட்டுப் புள்ள?"

கரை முழுக்கக் கூட்டம். வரவேற்பு என்று நினைத்து நான் கையசைத்தேன். நீர் வற்றிய நேரம். படகு தூரத்திலேயே சேற்றில் குந்திவிட்டது. இறங்கிய அப்பா முழங்கால்வரை புதைந்தார்.

"ஏட்டி, படத்துல மணலுன்னுல்லா சொன்ன?"

அண்ணனும் படகோட்டியும் மூட்டையைத் தோளில் தூக்கினார்கள். கரையில் ஒப்பாரி தொடங்கியது.

ரெஜினாவின் அப்பா புது வேட்டியோடு தண்ணீருக்குள் ஓடி வந்தார். தார்ப்பாயை விலக்கினார். உள்ளே வாழைப்பழம், மக்ரூன், அரக்குப் பட்டு.

"யாரும்மா செத்தது?"

"யாருமில்ல அங்கிள். நிச்சயதார்த்தம்."

அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். இத்தோடு கல்யாணம் நின்றது என்று அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். பின்னால் வந்த ரெஜினாவின் அம்மா கத்தினார்: "ஞாயித்துக்கிழம போட்டுல வந்து உசுர எடுக்காளே! இந்த வீட்டுலயா பொண்ணு குடுக்கணும்?"

ரெஜினாவின் அப்பா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என் அம்மாவின் ஒற்றைச் செருப்பு சேற்றில் போயிருந்தது. நான் பட்டியலை இன்னும் கையில் பிடித்திருந்தேன்.

"சும்மா இருட்டி," என்றார் மனைவியிடம். "நம்மளக் கொறச்சலா நெனைக்காகளோன்னு ரெண்டு வருசமா கெடந்து யோசிச்சேன். இவுகளுக்கு ஒண்ணுமே தெரியலல்லா. நம்ம புள்ள போயித்தான் காப்பாத்தணும்."

அன்றே நிச்சயம் முடிந்தது. கல்யாண அழைப்பிதழை அவரே நின்று அச்சடிக்க வைத்தார். கடைசி வரி: 'மாப்பிள்ளை வீட்டார் சாலை மார்க்கமாக வந்து சிறப்பிக்கவும்.' அது இப்போது அவர்கள் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. விருந்தாளிகளுக்குக் காபிக்கு முன்னால் அதைத்தான் வாசித்துக் காட்டுகிறார்கள். நான் உள்ளே இருந்தால், இன்னும் சத்தமாக.