செம்புத் தண்ணீர் குடித்த இறால்கள்

பன்னிரண்டில் ஒன்று செத்துக் கிடந்தது.

கண்ணாடித் தொட்டியின் மணல்மேல் ஒருக்களித்துக் கிடந்த அந்த இறாலைப் பார்த்ததும் குருசாமி கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்தார். தலை, மீசை, கால் எல்லாம் இருந்தன. உயிர்தான் இல்லை.

"ஏட்டி பரிபூரணம்! ஒண்ணு போயிருச்சுட்டி!"

மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் உங்க பெரியம்மைதான் போயிட்டாகன்னு தந்தி வந்துருச்சோன்னு பயந்துட்டேன்."

"உனக்கு எகத்தாளம். பாய்க்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அது எண்பத்தாறாம் வருஷம். இராஜபாளையத்தில் வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பக்கத்து வீட்டுக் கடிகாரக் கடைக்காரர் அகமது கபீர் அவர்களில் ஒருவர். சாமான் எடுக்கப் பத்து நாள் பயணமாக மெட்ராஸ் போனவர், தொட்டியைக் குருசாமி வீட்டில் கொண்டுவந்து வைத்தார். "அண்ணாச்சி, நான் வாரவரைக்கும் இந்தப் பன்னெண்டும் உசுரோட கெடக்கணும். அம்புட்டுதான்."

அம்புட்டுதான். ஆனால் முந்தின வருஷம் குருசாமி மஞ்சள்காமாலையில் படுத்தபோது, இருபத்தொரு நாளும் விடியுமுன் வரப்பு வரப்பாகத் தேடிக் கீழாநெல்லி பறித்து வந்தவர் இந்தக் கபீர்தான். அந்த மனுஷர் முதன்முதலாகக் கேட்ட உதவி இது.

குருசாமி பஞ்சாலையில் டைம் கீப்பர். வீட்டிலும் மில் சங்கு ஊதும்போதெல்லாம் தொட்டி முன் நின்று தலை எண்ணினார். அன்று பதினொன்றுதான். செத்ததைச் செம்பருத்திச் செடியடியில் புதைத்து, மேலே ஒரு பூவும் வைத்தார்.

"தண்ணியிலதான் கோளாறு" என்று முடிவுகட்டினார்.

செம்புக்குடத்தில் ஊறிய தண்ணீரைக் குடித்தால் நோய் அண்டாது என்பது அவருடைய அப்பா காலத்துச் சட்டம். பூஜையறைக் குடத்தை எடுத்தார். பழைய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் இறைத்துவிட்டு, தொட்டியை நிரப்பினார். ஒரு மணி நேரத்தில் இறால்கள் தொட்டியின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகத் தறிகெட்டு ஓடின. பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

"சும்மா கெடந்ததுகளக் குளிப்பாட்டிக் கொல்லுதீகளே!" என்றாள் பரிபூரணம்.

"மஞ்சள் விஷத்தை முறிக்கும்" என்று ஒரு கரண்டி மஞ்சள்தூளைப் போட்டார் குருசாமி. இப்போது எண்ணவும் முடியவில்லை. ஒன்றுமே தெரியவில்லை.

பரிபூரணம் எட்டிப் பார்த்தாள். "இனி பருப்பும் புளியுந்தான் பாக்கி."

குருசாமி சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி இருக்கிறார். மனிதர் கைவிட்டால் அவர்தான் கதி.

"அர்ச்சனை யார் பேருக்கு? நட்சத்திரம்?" என்று கேட்டார் குருக்கள்.

"அகமது கபீர். நட்சத்திரம் தெரியாது சாமி."

குருக்கள் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். "தெரியலேன்னா என்ன, அவனுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, மற்ற எல்லாருக்கும் செய்ததைவிட நிதானமாகவே அர்ச்சனை செய்தார். பிறர் பாரத்தைச் சுமப்பவனுக்குத் துணையாக ஆண்டவன் யாரையாவது முன்னமே புறப்பட வைத்திருப்பான். குருசாமி விபூதியோடு வீடு திரும்பியபோது, பரிபூரணம் கூட்டிவந்திருந்த செல்லக்கனி தொட்டியருகே உட்கார்ந்திருந்தாள். கண்மாய் மீன் விற்கிறவள். இறால்கள் தொட்டிக் கல்லோடு அவளுடைய மண்சட்டியில், கண்மாய்த் தண்ணீரில் உயிரோடு கிடந்தன.

"செம்புத் தண்ணிய ஊத்துன மகராசன் நீங்கதானா? இறாலுக்குச் செம்பு வெசமாச்சே அண்ணாச்சி!"

"அதுக்கு முந்தியே ஒரு சாவு விழுந்துருச்சே தாயி."

"எங்க, காட்டுங்க."

குருசாமி பூவை எடுத்துவிட்டுத் தோண்டினார். செல்லக்கனி அதை வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கூடு.

"இது சாவா? சட்டை! பாம்பு மாதிரி இறாலும் உரிக்கும். உடம்பு பஞ்சாக் கெடக்கும், அதான் ரெண்டு நாளு கல்லுக்கடியில பதுங்கும். சட்டைய அங்கனயே விட்டிருந்தா அதுவே தின்னு தெம்பாயிருக்கும். நீங்க அது மருந்தக் கொண்டுபோயி அடக்கம் பண்ணியிருக்கீக."

"இந்தா, இதுக்கு வயித்துல கருப்பாக் கட்டி..." என்று சட்டியிலிருந்த ஒன்றைக் காட்டினார் குருசாமி.

"முழுகாம இருக்கவளப் பாத்துக் கட்டின்னு சொல்லுதீகளே!"

பதினெட்டு வருஷத்தில் காமாலைக்குத் தவிர லீவே எடுக்காத டைம் கீப்பர் மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தார். அய்யனார் கோவில் ஓடைக்குச் சைக்கிளில் போய் மண்பானையில் தண்ணீர் கொண்டுவந்தார். பாசியும் கூழாங்கல்லும் கொண்டுவந்தார். செல்லக்கனி சொன்னபடி, புதுத் தண்ணீரைச் சட்டியில் டம்ளர் டம்ளராக, சற்று நேரம் விட்டு விட்டுச் சேர்த்துப் பழக்கினார். அலம்பிய தொட்டிக்கு இறால்கள் திரும்பின. மூன்றாம் நாள் சங்கு ஊதியபோது எண்ணினார். பன்னிரண்டு! குருசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாய் ஊருக்குப் போன பத்தாம் நாள் ஊசிமுனை அளவில் குஞ்சுகளும் நீந்தின.

அன்று காலை ரயிலடியிலிருந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் நேராக வந்து இறங்கினார் கபீர். கையில் துணிகட்டி மூடிய ஒரு வாளி. ரிக்‌ஷாக்காரர் கருத்தையா பெட்டியோடு பின்னால் வந்தார்.

குருசாமி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கண்ணாடியில் பூசியிருந்த விபூதியையும் குஞ்சுகளையும் கபீர் மாறி மாறிப் பார்த்தார்.

"எம் பேருக்கா அண்ணாச்சி அர்ச்சனை பண்ணுனீக?"

"வேற யாரு பேருக்குப் பண்ணுவேன் பாய்?"

கபீர் அந்த விபூதியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு வாளியைக் கருத்தையாவிடம் நீட்டினார். "இத எங்க மச்சான் வீட்டுல குடுத்துரு."

"வாளியில என்ன பாய்?" என்றார் குருசாமி.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வேண்டாத சாமான்."

கருத்தையா வாளியை வாங்கவில்லை. "வேண்டாத சாமானா? ரயிலடியிலருந்து வார வழியெல்லாம், 'மெட்ராஸ் மீனு கருத்தையா, உசுரோட இறாலு போட்டாத்தான் திங்கும், அண்ணாச்சி வீட்டுல தீனி தயாராக் கெடக்கு'ன்னுதான பாய் சொல்லிட்டு வந்தீக!"